யார் ஊற்றுவது?

சீனர் கல்யாண விருந்தில் மாப்பிள்ளை மேசை மேசையாகப் போய் ஒரே மடக்கில் குடிக்கும் பிராந்தி இருக்கிறதே, அது பல நேரம் ஆறிப்போன சீனத் தேநீர்தான். நிறம் அச்சு அசல் அதே நிறம். நாற்பது மேசை போட்ட விருந்தில் மாப்பிள்ளை நிஜச் சரக்கைக் குடித்தால், பாதி மண்டபம் தாண்டுவதற்குள் ஆளைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் தோழர்களில் விவரமான ஒருவன் தேநீர் நிரப்பிய பிராந்திப் போத்தலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாப்பிள்ளையின் பின்னாலேயே போவான். வேறு யாரும் அந்தக் கிளாஸில் ஊற்ற விடமாட்டான். சந்தேகப் பிராணியான மாமா ஒருவர் தன் போத்தலோடு எழுந்து வந்தால், "அங்கிள், இவனுக்குப் பதிலா நான்" என்று தன் கிளாஸை நீட்டி நிஜத்தை வாங்கிக்கொள்வான். விருந்து முடியும்போது மாப்பிள்ளை நிமிர்ந்து நிற்பார், தோழன் நாற்காலியில் சரிந்து கிடப்பான்.

பினாங்கில் கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். மற்றவர்கள் குடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதற்குக் காசு வாங்குகிறவன் என்றும் சொல்லலாம். சீனர் வீட்டு விருந்து, நம்மவர் வரவேற்பு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் ஆண்டு விருந்து, சரவாக்கிலிருந்து இங்கே வேலைக்கு வந்த இபான் இனத்துப் பிள்ளைகள் வீட்டு விசேஷம் என்று எல்லாவற்றிலும் ஓரமாக நிற்பேன். கேமரா தோளில் தொங்கும்வரை சொட்டுத் தொடுவதில்லை.

ஊர் ஊருக்குக் குடிப்பழக்கம் எப்படி மாறுகிறது என்று பேச்சு வந்தால், எல்லாரும் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பதில்தான் ஆரம்பிப்பார்கள். பாம்பு ஊறிய சாராயம், கனடாவின் டாசன் சிட்டியில் பதப்படுத்திய மனிதக் கால்விரலைப் போட்டுத் தரும் பானம், இந்த மாதிரி. கேட்க ருசிதான். ஆனால் அந்தக் கால்விரல் 1973-இல் தொடங்கிய மதுக்கூட வேடிக்கை. உதடு விரலில் பட வேண்டும், பட்டால் சான்றிதழ் கொடுப்பார்கள். சுற்றுலாப் பயணிக்குச் சரி. எனக்கு அதில் ஆர்வம் இல்லை. நான் கையைப் பார்க்கிறவன். யார் யாருக்கு ஊற்றுகிறார்கள், யார் முதலில் தூக்குகிறார்கள், யார் தானாக ஊற்றிக்கொள்கிறார்கள். இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றியது, ஒரு சமூகத்தின் குடியை அந்தக் கையை வைத்து எடை போட்டுவிடலாம் என்பதுதான். நம்மவர் விஷயத்தில் அந்தக் கை எங்கே போனது என்பதும் எனக்குள்ள கேள்வி. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் யாம் செங், சீனர் விருந்தில் எல்லாரும் சேர்ந்து போடும் வாழ்த்துக் கூச்சல். மலேசியாவில் பிறந்த எவனுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர்கள் இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஏதோ சண்டை என்று எழுந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். விருந்தின் நடுவில் இரண்டு வீட்டாரும் மேடை ஏறுவார்கள். மைக் பிடித்தவர் "யாஆஆஆ..." என்று இழுக்கத் தொடங்கினால் மண்டபம் மொத்தமும் சேர்ந்து இழுக்கும். மூச்சு எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவு. முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, இனி முடியாது என்கிறபோது "செங்!" என்று வெட்டி முடிப்பார்கள். மூன்று தடவை. பெரும்பாலும் மணமக்களுக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று, வந்தவர்களுக்கு ஒன்று. இந்தத் தொழிலுக்கு வருகிற பையன்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம், "செங்"குக்காகக் காத்திருக்காதே என்பதுதான். அது வந்த மறுநொடி எல்லாக் கிளாஸும் முகத்தை மறைத்துவிடும். இழுவையின் கடைசியில், மூச்சு முட்டும் இடத்தில்தான் படம்.

அந்தக் கூட்டத்தில் ஹலால் மேசை ஒன்று தனியாக இருக்கும். மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் மலாய் நண்பர்கள் அங்கே ஆரஞ்சுத் தண்ணீரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாரையும் விட நீளமாக இழுப்பார்கள். குடிக்காதவர்கள் என்பதால் மூச்சு அவர்களுக்கு அதிகம்.

கிளாஸ் இடிப்பதில் இன்னொரு கூத்து உண்டு. சீனர்களிடம் மூத்தவர் கிளாஸை விட நம் கிளாஸின் விளிம்பு தாழ்ந்திருக்க வேண்டும். அதுதான் மரியாதை. இரண்டு பேரும் மரியாதை தெரிந்தவர்களாக இருந்துவிட்டால் தீர்ந்தது. சம்பந்திகள் இருவர் எதிரெதிரே நின்று, இவர் கொஞ்சம் தாழ்த்த அவர் இன்னும் தாழ்த்த, கடைசியில் இரண்டு கிளாஸும் மேசை விரிப்பில் முட்டி நின்ற படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. இரண்டு பேரும் இடுப்பு வளைந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்த வீட்டார் அதைத்தான் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினார்கள். நான் பாடுபட்டு எடுத்த கடற்கரைப் படங்கள் எல்லாம் ஆல்பத்துக்குள் போயின.

ஹங்கேரியில் பீர்க் கிளாஸை இடிக்கவே மாட்டார்கள். 1849-இல் ஆராட் என்ற ஊரில் பதின்மூன்று ஹங்கேரியத் தளபதிகளை ஆஸ்திரியர்கள் கொன்றுவிட்டு பீர்க் கிளாஸை இடித்துக் கொண்டாடினார்கள் என்று ஒரு கதை. 150 வருடம் இடிப்பதில்லை என்று சபதம். கெடு 1999-இல் முடிந்துவிட்டது. இன்னும் பலர் இடிப்பதில்லை. கதை நிஜமோ இல்லையோ, பகையைக் கிளாஸில் வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது. நம் ஊரில் பங்காளிச் சண்டையைக் கல்யாணப் பத்திரிகையில் பெயர் விடுவதில் வைத்துக்கொள்கிறோம்.

பாயான் லெப்பாஸ் கம்பெனி விருந்துகள் பெரும்பாலும் ஹோட்டலின் ஹலால் மண்டபத்தில் நடக்கும். குடி இருக்காது. அது முடிந்த பிறகு நிர்வாகிகள் சிலர் வெளியே கோப்பிக்கடைக்குப் போவார்கள், நானும் சில நேரம் சாப்பிடப் போவேன். ஜப்பானிய மேலாளர் தனக்குத் தானே ஊற்றிக்கொள்வதை நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் இருப்பவர் கிளாஸ் குறைந்தால் இவர் ஊற்றுவார். இவர் கிளாஸ் குறைந்தால் அவர் கவனித்து ஊற்ற வேண்டும். கவனிக்காவிட்டால், இவர் மறுபடி அவருக்கு ஒரு சொட்டு ஊற்றி நினைவூட்டுவார். கொரியர்களிடம் இது இன்னும் இறுக்கம். பெரியவருக்கு இரண்டு கையாலும் ஊற்ற வேண்டும், அவர் ஊற்றினால் இரண்டு கையாலும் வாங்க வேண்டும், குடிக்கும்போது அவர் முகத்துக்கு நேரே குடிக்காமல் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் அப்பா எதிரே சிகரெட்டை மறைக்கிற மாதிரி இது. ஒரு வித்தியாசம், ஊற்றிக் கொடுத்ததே அப்பாதான்.

இதையெல்லாம் அழகு என்று மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். கிளாஸ் காலியாக இருக்கக் கூடாது என்பது மரியாதையாகத் தொடங்கி வற்புறுத்தலாக முடிவதும் உண்டு. மேலாளர் ஊற்றினால் கீழே வேலை பார்க்கிறவன் எப்படி மறுப்பான்? வேலை முடிந்து முதலாளியோடு குடிக்கப் போவது கொரியாவில் பல காலம் வேலையின் பகுதியாகவே இருந்தது. இப்போதுதான் இளையவர்கள் முரண்டு பிடிக்கிறார்கள். ஜப்பானில் குடிக்கச் சொல்லித் தொல்லை கொடுப்பதற்கென்றே தனிப் பெயர் வைத்துக் கண்டிக்கிறார்கள்.

ஜார்ஜியாக்காரர்கள் இதற்கு ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய விருந்தில் தமாடா என்று ஒருவரை நியமிப்பார்கள். அவர் எழுந்து பேசி வாழ்த்துச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் குடிக்கலாம். நாடு, இறந்தவர்கள், பெற்றவர்கள், பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாக வாழ்த்து வரும். நடுவில் தாகம் எடுக்கிறது என்று தானாகத் தூக்கினால் மானக்கேடு. தமாடா நிறையக் குடிக்க வேண்டும், ஆனால் தடுமாறக் கூடாது. தடுமாறினால் அடுத்த முறை அவரைக் கூப்பிட மாட்டார்கள். மண்ணில் புதைத்த பெரிய பானையில் திராட்சை ரசம் நொதிக்க வைக்கும் அவர்களுடைய முறையை யுனெஸ்கோ 2013-இல் பட்டியலில் சேர்த்தது. பானையை விட அந்த ஆள்தான் பெரிய கண்டுபிடிப்பு என்பேன்.

நம் கோப்பிக்கடைகளிலும் ஊற்றுவதற்கு ஒரு கை உண்டு. பீர் ஆன்டி. கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு மேசைக்கு மேசை போவார். பெரிய போத்தலைத் திறந்து, ஐஸ் போட்ட கிளாஸில் நுரை வழியாமல் சாய்த்து ஊற்றுவார். பாதி குறைந்தால் கேட்காமலே நிரப்புவார். உங்கள் பெண்ணுக்கு எந்தப் பள்ளியில் இடம் கிடைத்தது என்பது வரை ஞாபகம் வைத்திருப்பார். ஆனால் அவர் சம்பளம் எத்தனை போத்தல் போனது என்பதைப் பொறுத்தது. அந்தக் கை அன்பாக இருக்கலாம், நடுநிலையாக இருக்க முடியாது. கணக்குக்காகக் காலிப் போத்தல்களை மேசையிலேயோ காலடியிலேயோ வரிசையாக விட்டு வைப்பார்கள். ரஷ்யர்களுக்கு இது ஆகாது. காலிப் போத்தல் மேசையில் இருந்தால் தரித்திரம், உடனே கீழே இறக்கிவிட வேண்டும். 1814-இல் பாரிஸுக்குள் நுழைந்த ரஷ்யப் படைவீரர்கள், கடைக்காரன் மேசையில் இருக்கும் போத்தலை எண்ணித்தான் காசு கேட்கிறான் என்று கண்டுபிடித்து நாலைந்தைக் காலுக்கடியில் ஒளித்தார்களாம். அந்தப் பழக்கம்தான் இது என்று அவர்களே சொல்லிச் சிரிக்கிறார்கள். பட்டர்வொர்த்தில் இந்த வேலை நடக்காது. ஆன்டி மேசைக்கடியில்தான் முதலில் குனிந்து பார்ப்பார்.

சரவாக்கில் ஜூன் 1 கவாய். நெல் அறுவடைத் திருநாள். பினாங்கில் வேலை பார்க்கும் இபான் பிள்ளைகளில் லீவு கிடைக்காதவர்கள் இங்கேயே கூடிக் கொண்டாடுவார்கள். பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் நீளவீட்டின் பொதுத் திண்ணைக்குப் பதில் அடுக்குமாடியின் நடைபாதை. பச்சரிசியோ புளுட் என்ற ஒட்டரிசியோ வேகவைத்து, நொதிமாத்திரையைத் தூளாக்கித் தூவி, ஜாடியில் ஊற வைத்த துவாக்கை ஒரு பெண் கையில் எடுத்துக்கொண்டு வரிசையாக வருவார். இனிக்கும், இறங்கும்போது ஒன்றும் தெரியாது. எழுந்திருக்கும்போதுதான் தெரியும். வேண்டாம் என்று கையை ஆட்டுவது அவமரியாதை. கோப்பையை விரலால் தொட்டு உதட்டில் ஒற்றிக்கொண்டால் போதும், விட்டுவிடுவார்கள். குடிக்காதவனுக்கும் ஒரு வழி வைத்திருக்கும் இந்த நாகரிகம் எனக்கு மிகப் பிடித்தது. கேமராவோடு நிற்கும் எனக்கு எத்தனை முறை கை கொடுத்திருக்கிறது!

சபாவின் மூருட் மக்கள் மரவள்ளிக்கிழங்கை நொதிக்க வைத்த ஜாடியைச் சுற்றி உட்கார்ந்து நீளக் குழாய் போட்டு உறிஞ்சுவார்கள். வியட்நாம் மலைப்பகுதியிலும் இதே ஜாடி, இதே குழாய். அங்கே ஜாடியின் வாயில் குறுக்கே ஒரு குச்சி, அதிலிருந்து சிறு கிளை ஒன்று தண்ணீருக்குள் தொங்கும். அந்தக் கிளை வெளியே தெரியும்வரை குடிக்க வேண்டும். பிறகு தண்ணீரை ஊற்றி மட்டம் நிரப்பிவிட்டு அடுத்தவர் குழாயைப் பிடிப்பார். ஏமாற்ற முடியாது, அதிகமாகவும் எடுக்க முடியாது. ராத்திரி ஆக ஆகச் சரக்கு தண்ணீராகிக்கொண்டே போகும். ஆட்கள் சூடேறச் சூடேற ஜாடி ஆறிக்கொண்டு வருகிறது. என்ன ஒரு கணக்கு!

படக்காரனாக எனக்குப் பொறாமை வருவது நைஜீரியாவின் இக்போ கல்யாணத்தைப் பார்த்துத்தான். மணப்பெண் கையில் ஒரு கோப்பை கள்ளோடு கூட்டத்துக்குள் நுழைவாள். மாப்பிள்ளை எங்கோ நண்பர்கள் நடுவில் ஒளிந்து உட்கார்ந்திருப்பான். மற்ற ஆண்கள் "இங்கே கொண்டா, நான்தான் மாப்பிள்ளை" என்று கிண்டல் செய்து கை நீட்டுவார்கள். அவள் எல்லாரையும் தாண்டிப் போய் அவனைக் கண்டுபிடித்து, மண்டியிட்டு, தான் ஒரு வாய் குடித்துவிட்டு அவனிடம் கொடுப்பாள். அவன் குடித்துவிட்டால் கல்யாணம் ஆன கணக்கு. பனை வகை மரத்திலிருந்து இறக்கிய கள்தான் அது. நம் பாட்டன்மார் குடித்த அதே இனம்.

இங்கே நம் கல்யாணம் எப்படி? கோயில் மண்டபம் என்றால் உள்ளே சைவச் சாப்பாடு, நாதஸ்வரம். பின்பக்கம் கார் நிறுத்தும் இடத்தில் நாலு காடியின் பூட் (பின்பக்கச் சாமான் பெட்டி) திறந்திருக்கும். ஒரு வாளியில் ஐஸ், 100 பிளஸ் குளிர்பானம், பச்சைப் பிளாஸ்டிக் கிளாஸ், கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம், ஒரு விஸ்கிப் போத்தல். அவரவர் ஊற்றிக்கொள்வது. பெரியப்பா வருவது தெரிந்தால் பூட்டைச் சாத்துவது. பெரியப்பாவும் வேறொரு பூட்டிலிருந்துதான் வருகிறார். குடும்பப் படம் எடுக்க ஆள் குறைகிறது என்றால் நான் நேரே அங்கேதான் போவேன். "அண்ணே, ரெண்டு நிமிஷம், இதோ வந்துட்டோம்" என்று வாயை மூடிக்கொண்டு சொல்வார்கள். இப்போது பல வரவேற்புகளில் மேசையிலேயே போத்தல் வைக்கிறார்கள், அது நல்லது என்று நினைக்கிறேன். 2020-இல் சட்டம் இறுகியதும் ஒரு காரணம். குடித்துவிட்டு ஓட்டி முதல் முறை பிடிபட்டாலே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. ஆனாலும் பூட்டின் ஈர்ப்பு குறையவில்லை. மேசையில் சீவாஸ் இருக்கும்போதே எழுந்து போய் பூட்டில் குடிக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

ஏன் இப்படி ஆனோம் என்பதற்கு என் பதில் தோட்டத்துக் கள்ளுக்கடை. நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர் என் அப்பா. தென்னம்பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் வடிவது இனிப்புச் சாறு. உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் சில மணி நேரத்தில் தானாகப் பொங்கிக் கள்ளாகிவிடும். ஒரு நாள் தாண்டினால் புளித்து வினிகரை நோக்கிப் போகும். வைத்துப் பாதுகாக்க முடியாத பானம், அதனால் ஊர் கூடி அன்றைக்கே குடித்துத் தீர்க்க வேண்டிய பானம். மலாயாத் தோட்டத்தில் அதைக் கம்பிக்கூண்டு வைத்த லைசென்ஸ் கடையில் வைத்தார்கள். ஜன்னலில் காசு, ஜன்னலில் மங்கு. ஊற்றுகிறவன் கடைக்காரன். விருந்தாளி இல்லை, உறவு இல்லை, வாழ்த்து இல்லை. வேலை முடிந்து வியர்வையோடு வரிசையில் நின்று வாங்கிக் குடித்துவிட்டு லயத்துக்குத் திரும்புவது. சம்பளம் கொடுத்த கை, அதே சாயங்காலம் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

இதை அன்றைக்கே நம்மவர்கள் புரிந்துகொண்டார்கள். 1941-இல் கிள்ளானில் ஆர்.எச். நாதன் முன்னின்ற தோட்டத் தொழிலாளர் போராட்டத்தில் சம்பள உயர்வு மட்டும் கேட்கவில்லை. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்றார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். போருக்குப் பின் 1947-இல் கெடாவில் பீடோங் ஹார்வர்ட் தோட்டப் பக்கம் ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிரே மறியல் செய்து போலீசோடு மோதியது. சைக்கிளும் கள்ளும் ஒரே மனுவில் வந்ததைத்தான் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு அது ஒழுக்கப் பிரச்சினை மட்டுமாக இருக்கவில்லை, மானப் பிரச்சினை.

கள்ளின் இடத்தைச் சம்சு என்ற சாராயம் பிடித்துக்கொண்டது. கைக்குள் அடங்கும் குப்பி, மலிவு விலை, விஸ்கி அளவுக்குக் கடுப்பு. உடம்பு வலிக்கு நல்லது, வாதத்துக்கு நல்லது, செரிமானத்துக்கு நல்லது என்று விளம்பரம் வேறு. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இதை எதிர்த்துப் பல்லாண்டு போராடியது. 2019-இல் காலமான அதன் தலைவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த வெள்ளை ஜிப்பா. சம்சுக் குப்பிக்கு யாரும் யாருக்கும் ஊற்றித் தர வேண்டியதில்லை. மூடியைத் திருகி, சுவர்ப் பக்கம் திரும்பி, தொண்டையில் கவிழ்த்துக்கொள்ளலாம். என் சித்தப்பா அப்படித்தான் போனார், அதைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மலிவுச் சரக்கைக் குடித்துச் சில நாளில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அதிகம், நம் நாட்டவரும் உண்டு. மெத்தனாலை உடம்பு ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது, அது கண் நரம்பைத் தின்னும். அதற்கு மருத்துவமனையில் கொடுக்கும் மாற்று மருந்துகளில் ஒன்று நல்ல எத்தனால்தான். ஈரல் முதலில் எத்தனாலைக் கவனிக்கப் போய்விடும், மெத்தனால் மாறாமல் வெளியேற நேரம் கிடைக்கும். யார் காய்ச்சினார், யார் அடைத்தார் என்று தெரியாத போத்தலுக்கு முறிவு, டாக்டர் அளந்து கொடுக்கும் போத்தல். குடி வயதை 2017 டிசம்பரில் 18-இலிருந்து 21 ஆக்கினார்கள். கோலாலம்பூரில் 2021 கடைசியில் மளிகைக் கடைகளில் கடுஞ்சரக்கு விற்பதை நிறுத்தினார்கள். இதெல்லாம் விற்கிற கையைப் பிடிக்கும் முயற்சி. சரிதான். ஆனால் பூட்டைத் திறக்கிறவனை இது என்ன செய்யும்?

பெண்கள் கதை வேறு. எங்கள் பாட்டி சாயங்காலம் ஒரு சின்ன ஸ்டவுட் குடிப்பார். சுங்கை வேயில் 1960-களிலிருந்து கின்னஸ் காய்ச்சுகிறார்கள், கருப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று எல்லா இனத்துப் பாட்டிகளும் நம்பினார்கள். முட்டையை உடைத்து ஊற்றிக் குடித்த பாட்டிகளும் உண்டு. பிள்ளை பெற்ற சீனப் பெண்களுக்கு இஞ்சியும் அரிசி மதுவும் ஊற்றிக் கோழி சமைப்பார்கள், அதோடு பெனடிக்டின் என்ற பிரெஞ்சு மூலிகை மது. பக்கத்து வீட்டுச் சீன ஆயா கொண்டு வந்து கொடுத்து நம் வீடுகளுக்குள்ளும் அது வந்துவிட்டது. நார்மண்டியில் தயாராகும் அந்தப் போத்தலை இங்கிலாந்தின் பர்ன்லி என்ற ஊரில், சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில் வெந்நீர் கலந்து குடிக்கிறார்கள். முதல் உலகப் போரில் அந்தப் பக்கம் போன படைவீரர்கள் கொண்டு வந்த பழக்கம். பர்ன்லி சுரங்கக்காரருக்கும் பினாங்குப் பிள்ளைத்தாய்ச்சிக்கும் ஒரே மருந்து! பால் கொடுக்கிறவர்கள் இதையெல்லாம் தொடக் கூடாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள், அதையும் எழுதிவிடுகிறேன்.

குடிக்காத பழக்கமும் பழக்கம்தானே. பூட்டைச் சுற்றி நிற்கும் அதே ஆட்கள் தைப்பூசத்துக்கு மாலை போட்டால் ஒரு சொட்டுத் தொட மாட்டார்கள். புரட்டாசியில் கோப்பிக்கடைத் தவ்கே (முதலாளி) நாள்காட்டியைப் பார்த்துவிட்டுச் சலித்துக்கொள்வார். தாய்லாந்திலும் பௌத்தர்களின் மழைக்கால விரதத்தில் மூன்று மாதம் குடியை விடுவோம் என்று 2003-இலிருந்து இயக்கமே நடக்கிறது. இங்கிலாந்தில் 2013-இல் ஜனவரி முழுக்க விடுவது என்று ஆரம்பித்தார்கள். நம் புரட்டாசிக்கு விளம்பரம் செய்ய ஆளில்லை.

நம்மிடம் முறையாக ஊற்றும் கை முழுதாகப் போய்விடவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் முன்னோர் படையலில் அது இருக்கிறது. தலைவாழை இலை, கறி, மீன், தாத்தா படம், அதன் முன்னால் ஒரு கிளாஸ். அப்பா போத்தலைத் திறந்து, சிந்தாமல், அவசரப்படாமல் ஊற்றுவார். உயிரோடு இருந்தபோது தாத்தாவுக்கு அப்படி யாரும் ஊற்றித் தந்ததில்லை. அதியமான் நடுகல்லுக்கு நாரால் வடித்த கள்ளைச் சின்னக் கலத்தில் ஊற்றுகிறார்களே, நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று ஔவை அழுத புறநானூற்றுப் பாட்டு உண்டு. அவளே இன்னொரு பாட்டில், கொஞ்சம் கள் கிடைத்தால் எனக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நான் பாடப் பாட அவனும் சேர்ந்து குடிப்பான் என்கிறாள். அரசன் ஒரு பெண் புலவருக்கு ஊற்றித் தந்திருக்கிறான், ஒளிந்துகொண்டு இல்லை. இந்த ஊரில் இன்று ஒரு தமிழ்ப் பெண் கையில் கிளாஸ் இருந்தால் நான் படம் எடுக்கக் கூடாது, எடுத்தாலும் கொடுக்கக் கூடாது.

சாமிகளிடமும் முறை இருக்கிறது. உஜ்ஜயினியில் காலபைரவர் வாயருகே பூசாரி தட்டில் மது வைத்துக் கொடுப்பார். இங்கே முனியாண்டிக்கு ஸ்டவுட்டும் சுருட்டும். பினாங்கின் விசேஷம், பல மரத்தடிகளில் முனிக்குப் பக்கத்திலேயே டத்தோ கோங் குடியிருப்பார். சீனர்கள் கும்பிடும் மலாய்க் காவல் தெய்வம், தலையில் சொங்கோக் தொப்பி. வெற்றிலை, ரோக்கோ டவுன் என்ற இலைச்சுருட்டு, பால் இல்லாத கோப்பி ஓ எல்லாம் வைக்கலாம். பன்றி ஆகாது, மதுவும் ஆகாது.

புக்கிட் மெர்தாஜமில் என் மச்சான் புது லோரி எடுத்தபோது பூசைக்குப் போனேன். நாலு டயருக்கும் எலுமிச்சை வைத்துவிட்டு, ஸ்டவுட் போத்தலை எங்கே வைப்பது என்று தெரியாமல் சிவப்புக் கூரை போட்ட திண்டில் வைத்துவிட்டார். பக்கத்து இரும்புக்கடையிலிருந்து தவ்கே கத்தினார்: "ஹோய்! டத்தோ தாக் மினும்!" டத்தோ குடிக்க மாட்டார் என்று அர்த்தம். மச்சான் அடித்துப் பிடித்துப் போத்தலை முனி பக்கம் மாற்றினார். பூசாரி திறந்து ஊற்றினார், சுருட்டைப் பற்ற வைத்தார், கற்பூரம் காட்டினார். முடிந்ததும் மீதிப் போத்தலை மச்சான் பழக்க தோஷத்தில் என் காடிப் பூட்டுக்குக் கொண்டு போகப் பார்த்தார். "எங்க கொண்டு போற? இங்கயே உக்காரு" என்று தவ்கே கடைத் தமிழில் அதட்டி, உள்ளே போய் கிளாஸ்களைக் கழுவி எடுத்து வந்தார். பூசாரிக்கு ஊற்றினார். வயதில் மூத்த என் மாமனாருக்கு ஊற்றினார். எனக்குக் கேமராவைப் பார்த்துவிட்டு ஒரு விரல் அளவு. மச்சான் கிளாஸை நீட்டினார்.

"நீ லோரி ஓட்டணும்" என்று சொல்லிவிட்டு, டத்தோவுக்கு வைத்திருந்த கோப்பி ஓவை எடுத்து அவர் கையில் கொடுத்தார் தவ்கே.